ஒரு பாய் அளவுப் புல்

என் கணவர் பதினோரு வருடம் புல்லுக்குத் தண்ணீர் விட்டுச் சம்பாதித்தவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் என் அப்பா, "இரிகேஷன் இன்ஜினியர், ஃபாரின்ல" என்று நீட்டி முழக்குவார். நான் சுருக்கமாக முடித்துவிடுவேன்: "பாலைவனத்துல புல் வளக்குறார்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். தண்ணீர் விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

அப்போது நாங்கள் வளைகுடாவில் ஒரு நகரத்தில் இருந்தோம். நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட். ஜன்னலைத் திறந்தால் மணல்தான் உள்ளே வரும். எதிரே ஒரு ரவுண்டானா, அதன் நடுவில் பச்சைப்பசேல் என்று புல். மாலையில் சூடு கொஞ்சம் தணிந்ததும் சுற்றியுள்ள ஃபிளாட்டுகளிலிருந்து பெண்கள் பிளாஸ்கில் டீயும் இடுப்பில் பிள்ளையுமாக அங்கே வந்துவிடுவோம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு ஊர். அந்தப் புல்லையும் இவருடைய ஆட்கள்தான் பராமரித்தார்கள். ஆனால் இவர் ஒருநாள்கூட எங்களோடு உட்கார்ந்ததில்லை. வந்தால் கனமான பூட்ஸோடு வருவார், ஸ்பிரிங்க்ளர் தலைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார், எங்கேயாவது ஒழுகினால் போனை எடுத்துக்கொண்டு யாரையாவது திட்டுவார், போய்விடுவார்.

என் மகள் முதன்முதலில் நடந்தது அந்தப் புல்லில்தான். மூன்று அடி. விழுந்தாலும் வலிக்காத இடம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். உடனே அவளை டைல்ஸ் தரையில் நிற்க வைத்து, எதிரே மண்டியிட்டுக் கையை நீட்டி, "நடம்மா, அப்பாகிட்ட வா" என்றார். அவள் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாரம் டைல்ஸில் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவர் தினமும் மண்டியிட்டுக் கையை நீட்டிப் பார்த்தார். எனக்குத்தான் பாவமாக இருந்தது.

பிறகு அந்த நகரத்துக்கே ஒரு ஞானோதயம் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கியும், கழிவுநீரைச் சுத்திகரித்தும் புல்லுக்குக் கொட்டிக்கொண்டிருந்தவர்கள், இனிமேல் முடிந்த இடத்திலெல்லாம் புல்லை எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த வேலையும் இவரிடமே வந்தது. வளர்த்த கையாலேயே பிடுங்க வேண்டும். முதலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். யாரும் மதிக்கவில்லை. தண்ணீர் விடும் நேரத்தைக் குறைத்தார்கள். அவரவர் தோட்டத்துக்குள் ஒளிந்து ஹோஸ் பிடித்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். புல்லின் ஓரத்திலேயே மரங்களை வைத்தார்கள். அந்த நாட்டின் சொந்த மரம் அது. என்ன மரம் என்று பார்த்தால் நம்முடைய வன்னி. எங்கள் ஊர் சிவன் கோவிலில் ஸ்தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி, அங்கே யாரும் கும்பிடாமல் பாலைவனத்தில் நின்றுகொண்டிருந்தது. வேர் ஆழமாகப் போய்த் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். ஓரளவு வளர்ந்த மரங்களைக் கொண்டுவந்து நட்டு, சொட்டுநீர்க் குழாய் போட்டு, கீழே ஒரு பெஞ்சும் போட்டார்கள். புல்லைத் தொடவே இல்லை. வெயிலில் வந்தவர்கள் தாங்களாகவே புல்லிலிருந்து பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். எல்லாரும் நகர்ந்த பிறகு புல்லை எடுத்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. தன் தோட்டத்துப் புல்லை எடுக்கச் சம்மதித்தவர்களுக்குக் கன்றுகளை இலவசமாகக் கொடுத்து, ஆட்களை வைத்து நட்டும் கொடுத்தார்கள். அப்புறம் மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "ஒருத்தர்கிட்ட இருந்து ஒண்ண வாங்கணும்னா முதல்ல இன்னொண்ணக் குடுக்கணும்" என்று இவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

அங்கிருந்து சிட்னிக்கு வந்தோம். டூங்கபி என்கிற புறநகரில் வீடு வாங்கும்போது நான் சமையலறையைப் பார்க்கவில்லை, அலமாரிகளைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றேன். வீடு பிடித்திருக்கிறதா என்று ஏஜென்ட் கேட்டதற்கு அங்கிருந்தே தலையாட்டினேன். இவர் அந்த நேரம் தோட்டத்துக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குடிவந்த முதல் மாதமே என் தயிர் டப்பாக்கள் காணாமல் போயின. தேடிப்போனால் புல்லில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பிரிங்க்ளரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எந்த டப்பாவில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். அவர்கள் தொழிலில் அப்படித்தான் அளப்பார்களாம். "இங்க அஞ்சு மில்லிமீட்டர், அங்க பன்னண்டு மில்லிமீட்டர். பாரு, எவ்வளவு வேஸ்ட்!" என்றார். எனக்கு டப்பா திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

மகள் படிக்க மெல்பர்னுக்குப் போன பிறகு வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தினமும் காலையில் காபியோடு வெறுங்காலில் புல்லில் நடந்துகொண்டே அவளோடு போன் பேசுவேன். காலுக்கடியில் ஈரமாக இருக்கும். அவள் பேசுவாள், நான் நடப்பேன். அந்தப் பத்து நிமிடம் அவள் தூரத்தில் இருப்பது போலவே தோன்றாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்திருந்தேன்.

அடுத்து மழை பொய்த்த வருடம் வந்தது. அணைகளில் நீர்மட்டம் இறங்கியது, தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது, தெருவில் ஒவ்வொரு வீட்டுப் புல்லாகப் பழுப்பானது. அந்த நேரம் பார்த்துத் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்காக நான் மூன்று வாரம் திருச்சிக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஏர்போர்ட்டிலிருந்தே இவர் முகத்தில் ஒரு பூரிப்பு. "உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்றார். பின்பக்கக் கதவைத் திறந்தேன்.

புல் இல்லை. வேலிக்கு வேலி ஒரே மரப்பட்டைத் தூள். நடுநடுவே ஒரு சாண் உயரத்தில் குச்சிகள். எல்லாம் இந்த நாட்டுச் செடிகளாம், தண்ணீரே கேட்காதாம். குச்சி குச்சியாகக் காட்டி ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார். நான் பெட்டியைக்கூடத் திறக்காமல் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து உப்புமா. அவருக்கு உப்புமா ஆகாது. காலையில் ரவை உப்புமா, இரவு சேமியா உப்புமா. மூன்று நாள் பேசாமல் சாப்பிட்டார். நாலாம் நாள் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "என்னம்மா கோவம்? ஊரே தண்ணியில்லாம தவிக்குது, நான் தப்பா என்ன செஞ்சேன்?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். காலை போன், காபி, ஈரம், மகள், மூன்று அடி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பாதியில் அழுகையும் வந்துவிட்டது. 

"அந்த ரவுண்டானா புல்ல எடுத்ததும் நான்தான்" என்றார். "நாம அந்த ஃபிளாட்ட விட்டு வேற வீட்டுக்கு மாறுன பிறகு. உன்கிட்ட சொல்லல. அங்க மட்டும் வன்னி வச்சு ஒரு வருஷம் காத்திருந்தேன். பொம்பளைங்க புள்ளைங்களோட உக்கார்ற இடம், நிழல் நல்லா விழட்டும்னு."

"அவங்களுக்கெல்லாம் நிழல் குடுத்துட்டு எடுத்தீங்க. எனக்கு என்ன குடுத்தீங்க?"

 ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் வீட்டுப் பின்பக்கம் வரவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தட்டை மறுபடி இழுத்து, உப்புமாவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது. அளப்பது வரும். மறுநாள் குளியலறையில் ஒரு வாளி வந்து உட்கார்ந்தது. ஷவரில் சுடுநீர் வருவதற்குள் வீணாகும் தண்ணீரைப் பிடிப்பதற்கு. சமையலறையில் அரிசி களைந்த நீருக்கு ஒரு பாத்திரம். வாளியின் உட்பக்கம் மார்க்கரால் கோடு போட்டு ஒரு வாரம் அளந்தார். ஏழாம் நாள் தாளும் பேனாவுமாக வந்து, "நாம கீழ விடுற தண்ணியை வச்சு ஒரு பாய் அளவுக்குப் புல் வளக்கலாம். அதுக்கு மேல முடியாது" என்றார்.

"ஒத்தப் பாயா, ரெட்டைப் பாயா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"ரெட்டை" என்றார், கொஞ்சம் யோசித்து.

புல்லுக்கு எங்கே போவது? அங்கேதான் வேடிக்கை. இவர் கொத்தி எடுத்த அன்று பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி தன் துணிகாயும் கொடிக்குக் கீழே போட ஐந்தாறு புல்கட்டிகளைக் கேட்டு வாங்கியிருந்தார். இப்போது இவர் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று தலையைச் சொறிந்தார். விஷயத்தைக் கேட்டதும் அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறன்" என்றார். "ஓம், கொண்டு போங்கோ. நான் அண்டைக்கே கேட்டனான் எல்லே, மனுசிட்டச் சொன்னனீங்களோ எண்டு? நீங்கள் சர்ப்ரைஸ் எண்டு சொன்னனீங்கள்."

புல் திரும்பி வந்தது. அதன் மேற்குப் பக்கம் ஒரு லில்லிபில்லிக் கன்றையும் நட்டார். "இது நம்ம நாவல் மரத்துக்குத் தங்கச்சி முறை. வளந்தா மதியத்துக்கு மேல வர்ற வெயில் புல்லு மேல விழாது. புல்லுக்குத் தண்ணியும் கம்மியாத்தான் கேக்கும்" என்றார். "இத நான் முதல்லயே வச்சிருக்கணும்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்த வகையில் அதுதான் மன்னிப்பு. நான் வாங்கிக்கொண்டேன். அன்று இரவு பூரி சுட்டேன்.

ஜனவரியில் மேற்கிலிருந்து அனல்காற்று அடித்தது. கன்றின் இலைகள் துவண்டு தொங்கின. இருந்ததோ இரண்டு பேர் வாளித் தண்ணீர். கன்றுக்கு விட்டால் புல் போய்விடும், புல்லுக்கு விட்டால் கன்று தாங்காது. குழாயைத் திறந்து விடலாம்தான். அனுமதித்த நேரத்தில் வாளியில் பிடித்து ஊற்றினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாளிக்கு இவ்வளவு, புல்லுக்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொண்டதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ரவுண்டானாவில் அவர் நட்டு ஒரு வருடம் காத்திருந்த அந்த வன்னியை நினைத்தேன். என் புல் போனால் போகட்டும் என்று தினமும் காலையில் வாளிகளைக் கன்றுக்கே ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. புல்லைப் பார்க்கவும் இல்லை; மகளோடு போனைக்கூட வீட்டுக்குள்ளேயே பேசினேன். பார்த்தால் மனசு மாறிவிடும்.

ஐந்து நாள் கழித்துத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். புல் அப்படியே பச்சையாக இருந்தது.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் விடியல் வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. இவர் பின்வாசல் வழியாக எதையோ இழுத்துக்கொண்டு போகிறார். என் மகளைக் குளிப்பாட்டிய பழைய டப். கராஜில் வெங்காயம் போட்டுவைத்திருந்தது. வாளிகள் கன்றுக்கே போவதைக் கவனித்துவிட்டு, தினமும் நான் எழுவதற்கு முன்பே அதற்குள் நின்று குளித்து, அந்தத் தண்ணீரைப் புல்லுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சோப்பு நுரை புல்லுக்கு ஆகாது என்று ஐந்து நாளாகச் சோப்புப் போடாமல் குளித்திருக்கிறார். இரண்டு நாளாக வீட்டில் இது என்ன வாடை என்று நான் ஃபிரிட்ஜைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கதவருகே போய் நின்றேன். டப்பைச் சரித்துப் புல் முழுக்கப் பரவலாக ஊற்றினார், தண்ணீர் எங்கேயும் தேங்காதபடி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். வலது காலை முதலில் வைத்தார், அப்புறம் இடது கால். பதினோரு வருடம் புல் வளர்த்த மனிதர், ஈரப் புல் உள்ளங்காலில் பட்டதும் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் தூக்கத்தோடு வந்தது.

"அப்பா? ஆர் யூ ஓகே? அம்மா எங்க?"

"ஒண்ணுமில்லம்மா. புல்லுல நிக்கிறேன்."

"வாட்?"

"செருப்பு இல்லாம நிக்கிறேன்."

அவர் என்னை இன்னும் பார்க்கவில்லை.  புல்லின் இந்தப் பக்கம் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

"நடங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இரட்டைப் பாய் அளவுப் புல்லில் மூன்று அடிதான் வைக்க முடியும். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூன்றையும் வைத்தார்.