பதினோரு மண் பொட்டலங்கள்

ராசப்பனின் மிளகுத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துச் சுவைத்ததைப் பாவாயி தன் கண்ணால் பார்த்தாள். மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அந்த அம்மாள் மண்ணைத் துப்பினாள், சற்று யோசித்தாள், பிறகு ஒரு பிடி அள்ளிச் சிறிய பொட்டலத்தில் போட்டு அதன்மேல் என்னவோ எழுதினாள்.

மண்ணைத் தின்றதுகூடப் பாவாயிக்குப் பெரிதாகப் படவில்லை. பொட்டலம் கட்டியதுதான் உறுத்தியது.

அதற்குக் காரணம் உண்டு. அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கொல்லிமலையின் இதே அரியூர் நாட்டுக்கு ஜீப்பில் நான்கு பேர் வந்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். அப்பா பலாப்பழம் வெட்டிக் கொடுத்தார். அம்மா சாமைச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மேட்டுப் பக்கம் போய் மண்ணைச் சின்னச் சின்னப் பைகளில் அள்ளிக்கொண்டார்கள். "படிப்புக்குங்க" என்றார்கள். மூன்றாம் வருஷம் மேட்டில் லாரிகள் ஏறின. அலுமினியம் காய்ச்சுகிற மண் அங்கே இருக்கிறதாம். அந்த மழைக்காலத்தில் சிவப்புச் சேறு இறங்கி அப்பாவின் நெல்வயலை முழங்கால் உயரத்துக்கு மூடியது. அது மறுபடி வயலாக ஆறு வருஷம் பிடித்தது.

அன்று முதல் பாவாயி யாரையும் எளிதில் நம்பியதில்லை. இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல மீசை இல்லையே" என்று திருப்பி அனுப்பியவள் அவள். மிளகு பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணியை வேறு யார் கட்டினாலும் அவிழ்த்துத் தானே ஒருமுறை கட்டிய பிறகுதான் மரத்தில் ஏறுவாள். புருஷன் சென்றாயன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. "எனக்கும் சேத்து அவளே சந்தேகப்பட்டுக்கறா, எனக்கு ஒரு வேல மிச்சம்" என்பான்.

அன்று மத்தியானம் குழாயடியில், வெள்ளைக்கார அம்மாளோடு வந்திருந்த சத்யாவைப் பாவாயி மடக்கினாள். சத்யாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். பேச்சை மொழிபெயர்க்க வந்திருந்தாள்.

"ஏங்கண்ணு, அந்தம்மா யாரு?"

"பேரு மார்த்துங்க. பிரான்சுல இருந்து வந்திருக்காங்க. திராட்சை வெவசாயம் பண்றவங்க."

"திராட்சக்காரிக்கு மொளகுத் தோட்டத்துல என்ன வேல?"

"அவங்க ஊர்ல திராட்சையில ஒயின் பண்றாங்க. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு ருசி வருமாம். மொளகுக்கும் அப்படி இருக்குமான்னு பாக்க வந்திருக்காங்க. கொடிப்பயிரு வெக்கற ஊருங்களப் பத்திப் புத்தகம் எழுதறாங்க."

"ஒயினுன்னா சாராயந்தானே?"

"அப்படி இல்லீங்க..."

"நீ எந்த ஊரு?"

"காரவள்ளிங்க."

"கீழ்நாட்டுப் புள்ளயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாவாயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடிவாரத்துக்காரர்கள் மலையேறி வந்தால் எதையாவது எடுத்துக்கொண்டுதான் இறங்குவார்கள் என்பது அவள் எண்ணம். அந்தப் பெண்ணிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இரண்டு நாள் அவள் மார்த்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புல்லறுக்கப் போகிற சாக்கில் பின்னாலேயே போனாள். விறகு பொறுக்குகிற சாக்கில் முன்னால் போய் நின்றாள். மார்த்துக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். குட்டையான உருவம், காய்ப்புப் பிடித்த விரல்கள், நகத்தடியில் அழுக்கு. பாவாயியைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டிச் சிரித்தாள். அந்த நான்கு பேரும் அப்படித்தான் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் பதினோரு தோட்டத்து மண் பதினோரு பொட்டலமாகிவிட்டது. பாவாயியின் தோட்டம் ஒன்றுதான் பாக்கி.

மார்த் தங்கியிருந்தது ராசப்பன் வீட்டில். அவன் சென்றாயனுக்குப் பங்காளி, தம்பி முறை. பாவாயி நேராக அவனிடமே போய்க் கேட்டாள்.

"அந்த மண்ணெல்லாம் எங்க போகுது?"

"அவங்க ஊருக்குப் போகும் அண்ணி. அதுல நமக்கென்ன கெட்டுப்போச்சு? நல்லவங்க. நம்ம ஊட்டுச் சோத்தயே வாங்கிச் சாப்புடறாங்க."

"அந்த நாலு பேரும் சாப்புட்டாங்கதான்" என்றாள் பாவாயி.

மூன்றாம் நாள் காலை, ராசப்பன் குடும்பத்தோடு விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனது. கதவுக்குப் பூட்டுப் போடுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. பாவாயி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ராசப்பனின் நாய் வாலை ஆட்டியது. அதையும் ஒரு நொடி முறைத்துப் பார்த்தாள். அலமாரியில் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணைக் கூடையில் கொட்டினாள். தன் மாட்டுக் கொட்டகை ஓரத்திலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த மண்ணை அதே அளவுக்குப் போட்டு, மடிப்புக் கலையாமல் மூடி, இருந்த வரிசையிலேயே வைத்தாள். திருடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டு வாசலில் சென்றாயன் மிளகு காயும் தார்ப்பாயைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"கூடையில என்னா?"

"மண்ணு."

"நம்ம மண்ணா?"

"நம்ம ஊரு மண்ணு."

அவன் மறுபடி மிளகைக் கிளறினான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மார்த், டீக்கடையிலிருந்து பதினோரு கண்ணாடி டம்ளர்களை இரவல் வாங்கிவந்து ராசப்பன் வீட்டு வாசலில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு டம்ளரிலும் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு பொட்டலத்து மண்ணாகப் போட்டுக் கலக்கினாள். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பாவாயியும் போய் நின்றாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மார்த் முதல் டம்ளரை மோந்து பார்த்தாள். இரண்டாவதை மோந்தாள். மூன்றாவதற்கு வந்தபோது அவள் முகம் மாறியது. பொட்டலத்தின் மேல் எழுதியதைத் திரும்பப் படித்தாள். பதினொன்றையும் மோந்து முடித்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். சத்யா தயங்கினாள்.

"என்னாங்கறாங்க?" என்றான் ராசப்பன்.

"பதினொண்ணும் ஒரே எடத்து மண்ணுங்கறாங்க. மாடு கட்டற எடத்து மண்ணுங்கறாங்க."

சென்றாயன் வானத்தைப் பார்த்தான். ராசப்பனுக்கு அவமானமாகிவிட்டது. தன் வீட்டில் வைத்த பொருள் மாறிப்போனால் அவன்தானே பதில் சொல்ல வேண்டும். சத்யா பக்கம் திரும்பினான்.

"நேத்துப் பொட்டலத்தயெல்லாம் நீதானம்மா அடுக்கி வெச்ச? எங்க ஊட்டுல யாரும் அதத் தொடல."

"நான் எதுக்குங்க மாத்தப்போறேன்?" சத்யாவின் குரல் உடைந்தது. கூடியிருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். கீழ்நாட்டுப் பெண்தானே என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தது பாவாயியின் காதில் விழுந்தது. தான் குழாயடியில் சொன்ன அதே சொல்தான். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அது அவளுக்கே கசந்தது.

"அந்தப் புள்ளய எதுக்குப் பாக்கறீங்க?" என்று முன்னால் வந்தாள். "நாந்தான் மாத்துனேன். எங்க மாட்டுக் கொட்டாய் மண்ணுதான் அது."

ஏன் மாற்றினாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். நான்கு பேர், பலாப்பழம், சாமைச் சோறு, லாரி, சேறு எல்லாவற்றையும் சொன்னாள். சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தாள். மார்த் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வயலு திரும்பி வர எத்தன வருஷம் ஆச்சுன்னு கேக்கறாங்க."

"ஆறு."

"அவங்க ஊர்ல ஏழாம்."

பிறகு மார்த் அங்கிருந்த உரலின்மேல் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வால்முரோன் என்று பெயர். ஒரு குன்று, அதன் சரிவெல்லாம் திராட்சை, நடுவே மாதா கோயில், நூற்று நாற்பது பேர். அவளுடைய தாத்தாவின் அப்பா காலத்தில் பேனைவிடச் சிறிய ஒரு பூச்சி எங்கிருந்தோ வந்து கொடிகளின் வேரைத் தின்றது. ஊர் முழுக்கக் கொடிகள் பட்டுப்போயின. பாதிச் சனம் ஊரைவிட்டே போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து வருகிற கொடியின் வேரைப் பூச்சி தொடாது, அதன்மேல் நம் கொடியை ஒட்டுக் கட்டலாம் என்று சிலர் வந்து சொன்னார்கள். இது ஏதோ சூழ்ச்சி என்று தாத்தாவின் அப்பா துப்பாக்கியோடு போய்த் தோட்டத்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஏழு வருஷம் தன் நிலத்தைத் தரிசாகவே போட்டுவைத்தார்.

"அவரு செஞ்சது சரிதான்" என்றாள் பாவாயி. "பூச்சியும் அமெரிக்காவுல இருந்து வந்ததோ என்னமோ."

சத்யா இதைச் சொன்னதும் மார்த் தொடையில் தட்டிச் சிரித்தாள். "அங்க இருந்துதான் வந்துச்சாம்!"

"பொறவு எப்படித்தான் நட்டாரு?"

"அவரு நடலீங்க. அவரு சம்சாரம் அவருக்குத் தெரியாம ஊட்டுக்குப் பின்னால நாலு கொடி ஒட்டுக் கட்டி வெச்சாங்களாம். மூணாம் வருஷம் காய்ச்சதப் பாத்துட்டுத்தான் மனுசன் துப்பாக்கிய உள்ள வெச்சாராம்."

மார்த் இன்னும் சொன்னாள். கொடிகள் அழிந்திருந்த காலத்தில் வெளியூர் வியாபாரிகள் சர்க்கரைத் தண்ணீரில் காய்ந்த திராட்சையைப் போட்டு, வால்முரோன் ஒயின் என்று பெயர் வைத்து விற்றார்கள். அதன் பிறகுதான் ஊர்க்காரர்கள் கூடி, எது எங்கள் மண், எது இல்லை என்று எல்லைக் கல் நட்டு, ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் எழுதிவைத்தார்கள். ராசப்பன் தலையாட்டினான். சந்தையில் எந்த ஊர் மிளகையும் கொல்லிமலை மிளகு என்று சொல்லி விற்பதை அவன் பார்த்திருக்கிறான்.

அந்த ஊர் இன்றும் யாரையும் நம்பாது. புதிதாக ஒரு கார் நுழைந்தால் எல்லா வீட்டு ஜன்னல் திரையும் ஒரு விரற்கடை நகரும். மார்த்தின் அம்மா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, மூன்று கிலோமீட்டர் தூரத்திலிருந்து, வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐம்பது வருஷம் கழித்து அவளைப் புதைத்த அன்றுகூட, "அக்கரைக்காரி போய்விட்டாள்" என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. ஊர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னவளைப் பிடித்ததா என்பது வேறு விஷயம்.

"எல்லாஞ் சரி. ஆனா மண்ணு மலைய விட்டு எறங்கக் கூடாது" என்றாள்.

மார்த் ஒப்புக்கொண்டாள். அந்தந்த இடத்திலேயே ருசி பார்த்து எழுதிக்கொண்டால் போதும் என்றாள். மறுநாள் பாவாயியே அவளைப் பதினோரு தோட்டத்துக்கும் கூட்டிப்போனாள். கூடவே போய்க் காவல் காத்தாள் என்றும் சொல்லலாம். ஒவ்வொரு தோட்டத்தைவிட்டு வெளியே வரும்போதும் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணையும் வரப்பில் தட்டவைத்தாள். மார்த் முகம் சுளிக்காமல் தட்டினாள்.

கடைசியில், யாரும் கேட்காமலே, தன் தோட்டத்துப் படலைத் திறந்தாள். மார்த் மண்ணைச் சுவைத்தாள். கொடியிலிருந்து ஒரு பச்சை மிளகைக் கிள்ளி வெகுநேரம் மென்றாள். பிறகு, "இது முதலில் காரம் காட்டவில்லை, தாமதமாகக் காட்டுகிறது" என்றாள். அது உண்மைதான். பாவாயிக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். இவளுக்கு எப்படி ஒரு மிளகில் தெரிந்தது என்று உள்ளுக்குள் திடுக்கிட்டாள்.

"இந்தத் தோட்டத்துக்குப் பேரு என்னன்னு கேக்கறாங்க" என்றாள் சத்யா.

"ஓடைக்காடு."

ஏணிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த சென்றாயன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மறுபடி கயிற்றைச் சுருட்டினான்.

மார்த் மறுநாள் ஊருக்குக் கிளம்பினாள். லாரி எதுவும் வரவில்லை. அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களும் சத்யாவின் உதவியோடு தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தங்கள் மிளகைத் தனித்தனியாக விற்க ஆரம்பித்தார்கள். பாவாயி ஒரு வருஷம் சேரவில்லை. மற்றவர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்த்திருந்தாள். யாரும் ஏமாறவில்லை. மறுவருஷம் ஓடைக்காடு என்று பெயர் போட்டு அரை மூட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தாள்.

அந்த வருஷம்தான் சத்யா போனில் கூப்பிட்டாள். புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது என்று சொல்லி, பாவாயியின் தோட்டத்தைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டினாள். பாவாயி முழுவதையும் கேட்டாள்.

"அது பேரு ஓடைக்காடு இல்ல கண்ணு."

"பின்ன?"

"மொசக்கல்லுக் காடு. எங்கப்பன் வெச்ச பேரு."

"அய்யோ, மாத்தி எழுதச் சொல்லட்டுங்களா?"

"எழுதாத. புத்தகத்துல ஓடைக்காடாவே இருக்கட்டும். அந்தம்மாகிட்ட மட்டும் வாயால சொல்லு."

சத்யா சிரித்தாள். "சரிங்கம்மா, சொல்லிர்றேன்."

"பக்கத்துல பேச்சுச் சத்தம் கேக்குதே, யாரு அது?"

"எங்கம்மாங்க."

"அவங்ககிட்டயும் அந்தப் பேரச் சொல்லாத. சரி, வெக்கறேன்" என்றாள் பாவாயி.