அத்தான் வாங்கிய பெர்மிட்

லொறி பார்க்கப் போன அன்று என் அத்தான் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி, மெல்பேர்னில் கொளுத்துகிற கோடை. வெரிபீ பக்கம் முட்டைக்கோவாத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த வீட்டிலிருந்து, லொறியை விற்கிற வெள்ளைக்காரர் அரைக்காற்சட்டையும் பனியனுமாக வந்து கைகொடுத்தார். அத்தான் எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. சக்கரங்களைக் குனிந்து பார்க்கவில்லை. கதவில் பொன்னிறத்தில் எழுதியிருந்த பெயரைத்தான் பார்த்தார். 'அன்ட் சன்ஸ்' என்று முடிகிற பெயர். அதை விரலால் தடவிவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்ல ஆக்கள்" என்றார். சக்கரங்களில் இரண்டு மொட்டையாக இருந்தன. அந்த மனிதருக்கு ஆண்பிள்ளைகளே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தானைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வராது. கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே வந்தும் கிளாக்கர்தான். ஆனால் தன்னைப் பெரிய கதிரையிலிருந்து யாரோ இறக்கிவிட்டது போன்ற முகத்தோடு திரிவார். சொந்தத் தொழில் வேண்டும், அதுவும் நாலு பேர் முதலாளி என்று கூப்பிடுகிற தொழிலாக இருக்க வேண்டும் என்று லொறியைத் தேர்ந்தெடுத்தார். அந்த நாளில் பட்டணத்துக்குள் யாரும் வாடகைக்குச் சாமான் ஏற்றலாம். பட்டணத்தைத் தாண்டி வெளியூருக்கு ஏற்றுவதென்றால் அரசாங்கப் பெர்மிட் வேண்டும். ரயிலின் வருமானம் கெடக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம். புதிதாக விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே பெர்மிட் உள்ளவரிடம் லொறியோடு சேர்த்து அதையும் வாங்கலாம். வாங்குவதற்கு இருந்தது என் அக்காவின் காசு. தையல் பக்டரியில் நாலு வருடம் குனிந்திருந்து, ஒரு வீட்டுக்கு முற்பணமாக அவள் சேர்த்தது. இரண்டு அறை ஃபிளாட்டில் அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர் இருந்தோம். பிள்ளைகள் ஓடித்திரிய ஒரு வளவோடு சொந்த வீடு என்பதைத் தவிர அவள் இந்த நாட்டிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

"முதல் ஒரு சின்ன வானோட பட்டணத்துக்குள்ள ஓடிப் பாருங்கோவன்," என்றாள் அக்கா, குசினியில் நின்றபடி. "பெர்மிட்டுக்கும் எழுதிப்போடுங்கோ. அது வரேக்க பெரிசாச் செய்யலாம். வீட்டுக் காசும் மிஞ்சும்."

அன்றைக்கு அத்தானின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்சாதி புத்தி சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. "புதுசாத் தொடங்கிறவன் வாசல் வாசலாப் போய்ப் பல்லைக் காட்ட வேணும். என்ர பேரைப் பாத்திட்டு எந்த வெள்ளைக்காரன் சாமான் தருவான்? இது இருவது வருசப் பேர்." அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே அவர் முழு மடைத்தனத்தையும் செய்தார். அக்கா சொல்வதுதான் சரி என்று நான் வாய் திறந்தேன். "பக்டரியில போல்ட் முடுக்கிறவன் எனக்குத் தொழில் படிப்பிக்க வேண்டாம்," என்றார். கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் அப்போதே "முதலாளி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

இதே மனிதர் அக்காவைக் கட்ட வந்தபோது சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தை மூன்று நாள் வைத்திருந்து வாசித்தவர். பங்குக் கிணற்றில் எங்களுக்கு ஆறில் ஒன்றா எட்டில் ஒன்றா என்று அதை எழுதிய நொத்தாரிசு வீட்டுக்கு இரண்டு தரம் நடந்தவர். எல்லை வேலி யாருக்குச் சேரும் என்று என் அப்பாவைக் கேட்டுக் கேட்டு அழவைக்காத குறை. சொந்த மாமனாரைச் சந்தேகிக்கத் தெரிந்தவருக்கு, வெள்ளைக்காரர் நீட்டிய கடதாசியை வாசிப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. "அவங்கள் பொய் எழுதமாட்டாங்கள்," என்றார். பொய் எழுதவும் இல்லை. கையெழுத்து வைக்கிற நாளில் சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார். சட்டத்தரணியின் மேசையிலிருந்து பெர்மிட் என் கை வழியாகத்தான் அவரிடம் போனது. நான் வாசித்தேன். வெளியூருக்கு ஏற்றக்கூடிய சரக்கு எவை என்று அதில் தெளிவாக இருந்தது: வைக்கோல், விறகு, எரு. வேறொன்றும் இல்லை. வெளியூர்க் கடைகளுக்குக் குளிர்சாதனப் பெட்டியும் தளபாடமும் ஏற்றுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் பக்கத்தில் பேனையைத் திறந்துகொண்டிருந்தார். "அத்தான், கொஞ்சம் நில்லுங்கோ" என்று நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அந்தக் கூட்டாளிகளின் சிரிப்புத்தான் காதில் கேட்டது. விழட்டும் என்று இருந்தேன். கடதாசியை மடித்து அவரிடம் கொடுத்தேன்.

இரண்டு மாதம் தாங்கவில்லை. பல்லாரட் போகிற தெருவில், ஆறு குளிர்சாதனப் பெட்டிகளோடு ஓர் அதிகாரி மறித்தார். அவர் பெர்மிட்டை வாசித்துவிட்டு, "இதில் எது வைக்கோல்?" என்று கேட்டாராம். அபராதம் கட்டினோம். பிறகு பெர்மிட் சொன்னபடி எரு ஏற்றலாம் என்று பார்த்தால், பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் விற்றவரின் மருமகனுடைய லொறிக்குப் போயிருந்தார்கள். இருபது வருடப் பெயர் அந்த மனிதரோடு இருந்ததே தவிர, கதவில் இருக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டு எரு லோட்டை அத்தான் ஏற்றினார். ஊரில் எரு வண்டி போனால் மூக்கைப் பொத்துகிறவர். மணம் போகக் குளித்துவிட்டு வந்தாலும் கூட்டாளிகள் அந்தப் பக்கம் வரவில்லை. முதலாளி என்று கூப்பிட்டவனைப் பிறகு நான் காணவே இல்லை. கடைசியில் லொறி இரும்பு விலைக்குப் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அடுத்த கிழமை அக்கா சனி ஞாயிறும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டபோதுதான் அந்தச் சந்தோஷம் அடங்கியது.

அவளுக்கு வீடு கிடைக்கவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது, அவள் சேர்த்தது அதன் பின்னால் ஓடிக் களைத்தது. அத்தான் போய்ப் பன்னிரண்டு வருடம். சாகும்வரை அரசாங்கத்தையும் ரயிலையும்தான் குற்றம் சொன்னார். நான் வீடு வாங்கினேன், என் பிள்ளைகளுக்கு வளவும் இருந்தது. அக்கா இப்போதும் வாடகை யூனிட்டில் இருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். கதையோடு கதையாக அந்த லொறியைப் பற்றிப் பேச்சு வந்தது. அத்தனை வருடமும் கேட்காததைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

"அந்த மனுசன் உன்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயும் ஒருத்தரிட்டையும் காட்டாமல் கையெழுத்து வச்சிட்டுது," என்றாள். "நீ அந்தக் கடதாசியைப் பாத்திருந்தால் சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா," என்றேன்.