மாமாவின் சட்டைப்பையில் பாஸ்போர்ட்

இங்கே ஜெர்மனியில், என் மகள் யாழினி போகும் கிண்டர்கார்டனில், பிள்ளைகள் காலையில் வந்ததும் ஒரு முகத்தை எடுத்துத் தங்கள் பெயருக்குக் கீழே மாட்ட வேண்டும். சிரித்த முகம், அழுத முகம், கோப முகம், பயந்த முகம் என்று அட்டையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாலு வயதில் நான் எந்த முகத்தோடு பால்வாடிக்கு வந்தேன் என்று செஞ்சியில் யாரும் கேட்டதில்லை. மூக்கைத் துடைத்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள். ஊருக்குப் போய்வந்ததிலிருந்து யாழினி பயந்த முகத்தையே மாட்டுகிறாள்.

நேற்று மாலை ஆசிரியை கதரினா என்னைத் தனியே உட்காரவைத்து, யாழினி ஏதோ சொன்னதாகச் சொல்லி, "குழந்தையின் பாஸ்போர்ட்டை யார் எடுத்து வைத்துக்கொண்டது?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"என் அண்ணன். சும்மா, அன்பால்தான்," என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. என் ஜெர்மனில் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. பிள்ளையை நம்மிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்று இங்குள்ள நம்மவர்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. அது என்னையும் பிடித்துக்கொண்டது.

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். நடந்தது இவ்வளவுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அண்ணனுக்குச் செல்போன் கடை. நாங்கள் புறப்படும் அன்று அவன் யாழினியின் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "உங்கம்மா உன்ன எங்கிட்டயே குடுத்துட்டாம்மா. அவ மட்டுந்தான் ஃபிளைட்டு ஏறப்போறா. இன்னா பண்ணுவ?" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். என்னையே மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லித்தான் வளர்த்தார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கியதும் வாரி அணைத்து ஒரு முத்தம். எங்கள் பக்கம் கொஞ்சுவதே அப்படித்தான். யாழினி உதட்டைப் பிதுக்கவில்லை. அண்ணன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்ததை அவள் பார்த்தாளா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

நேற்று கிண்டர்கார்டனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவளெதிரே தரையில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். "மாமா வெளையாட்டுக்குச் சொன்னாரு கண்ணு."

"தெரியும். நீ ஏம்மா சிரிச்ச?"

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. தட்டுத்தடுமாறி, "நான் சிரிச்சது தப்புடா," என்றேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வீடியோ காலில் வந்தான். "இன்னாம்மா, சாப்டியா? மாமாகிட்ட எப்ப வர?"

அவளுக்கு மாமா என்றால் உயிர். "நாளைக்கே வரேன் மாமா!" என்று துள்ளிக் கையாட்டினாள். போனில் தெரியாத மற்றொரு கையில் பாஸ்போர்ட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.