அம்மிணியும் பால்கனி கிரில்லும்

போன ஞாயிறு, மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி சந்தையில் சித்தி முதன்முதலாக இட்லி மாவு விற்றாள். காலையிலேயே கொளுத்தும் வெயில். மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் மாவு புளித்துவிடும்... சித்தியின் பிசினஸும்தான்.

மாவு பிரமாதம். லேபிள்தான்...

அது சித்தப்பாவின் பொறுப்பு. தாராவியில் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். சித்தியின் பெயர் அம்மிணி. அதை ஆங்கிலத்தில், பிளாக்லெட்டர் எழுத்தில் போட்டிருந்தார். ஐரோப்பாவில் அந்தக் காலத்துத் துறவிகள் பட்டைப் பேனாவால் எழுதினார்களே, மூலைக்கு மூலை கூர்மையாக — அதே எழுத்து!

நான் ஆப்களுக்கு ஸ்கிரீன் வடிவமைப்பவள். இந்த எழுத்து இன்று எங்கே பொருந்தும் என்று என்னிடம் பட்டியலே உண்டு. ஒன்று, முதல் பக்கத்தில் செய்தித்தாளின் பெயர். இரண்டு, டிகிரி சர்டிபிகேட். மூன்று, ராக் மியூசிக் பேண்ட் டி-ஷர்ட். நான்கு, டாட்டூ. இட்லி மாவு? பட்டியலின் பின்பக்கத்தில்கூட இல்லை.

“அதான்டி! பேப்பர், டிகிரி... எல்லாம் ஜனங்க நம்பற வஸ்து. மாவையும் நம்பட்டுமே” என்றார் சித்தப்பா.

லாஜிக் சரிதான். சிக்கல் பெயரில். இந்த எழுத்தில் ‘எம்’ என்றால் மூன்று நேர்கோடு, ‘என்’ இரண்டு, ‘ஐ’ ஒன்று. அம்மிணியை எழுதினால்? முதலெழுத்துக்கு அப்புறம் பத்துக் கம்பிகள், வரிசையாக!

சித்தி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கழற்றியும் பார்த்தாள்.

“ஏன்னா, என் பேரைப் போடச் சொன்னா, பால்கனி கிரில்லைப் போட்டுண்டு வந்திருக்கேளே!”

முதலில் வந்தது பி-விங் கட்டடத்துக் கிட்டார்காரன். கறுப்பு டி-ஷர்ட்.

“ஆண்டி, யே கௌன்சா பேண்ட் ஹை?” — எந்த மியூசிக் பேண்ட் என்று கேட்கிறான்!

“பேண்ட் நஹி. இட்லி” என்றாள் சித்தி.

“இட்லியா? கூல் நேம்!” — இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் ஒருவரும் வாங்கவில்லை. எட்டிப் பார்ப்பார்கள், நகர்வார்கள். ஒரு அம்மா மட்டும் “கிறிஸ்துமஸ் கேக்கா?” என்று கேட்டார். பாக்கெட்டுகள் உப்ப ஆரம்பித்தன. சித்தியின் முகமும்.

மார்க்கரை எடுத்தேன். ஒவ்வொரு லேபிளுக்குக் கீழேயும் தமிழில் பெரிதாக ‘அம்மிணி இட்லி மாவு’ என்று எழுதினேன். அவ்வளவுதான், மாமிகள் மொய்த்துவிட்டார்கள்!

கடைசிப் பாக்கெட் நித்யாவுக்கு. மூன்றாம் மாடி, மும்பையிலேயே பிறந்து வளர்ந்து காலேஜ் படிக்கும் தமிழ்ப் பெண். மேல் வரியையும் கீழ் வரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இதுல எது தமிழ்?”

சித்தப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

அடுத்த லேபிளில் எழுத்தே கிடையாது. வெறும் இட்லி படம். அதை யாராவது பௌர்ணமி நிலா என்றால் நான் பொறுப்பில்லை!