பாவு சுருட்டும் வரை நின்ற வண்டி

"அண்ணா, அக்கா கண்ணாடிய எறக்க மாட்டேங்குது. தூங்குதா இன்னான்னு தெரில."

எதிர்வீட்டு மல்லிகா அக்கா வாசலில் வந்து நின்று அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான். அத்தை இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் வந்தது. பாவுக்குத் தடவிய கஞ்சியை அப்பா இன்னும் கையிலிருந்து கழுவியிருக்கவில்லை. "விடியகாலமே எழுந்து போயிருக்கும், தூங்கட்டும் வுடு" என்றார். பிறகு மல்லிகா அக்காவின் முகத்தைப் பார்த்தார். தெருமுனைக்கு ஓடினார்.

அத்தையின் வண்டியில் வாடிக்கையாகப் போய்வந்த உங்களுக்காக அவர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதுகிறேன். நான் அவருடைய தம்பி மகள், பத்தாம் வகுப்பு. அவருடைய போன் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வண்டி வருமாக்கா?" என்று நேற்றும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். வராது. சுலோச்சனா அத்தை போன சனிக்கிழமை காலமாகிவிட்டார். அன்று காலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் எழுதுகிறேன். வெளிச்சம் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்த வெள்ளை ஹைப்ரிட் கார் அத்தை வாங்கும்போதே பழையது. சென்னையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் என்பதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பேட்டரி பூட்ச்சுன்னா வண்டியே பூட்ச்சு" என்றார். அத்தை ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், பேட்டரியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, மழை வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று சேற்றுக் கறை தேடினார். அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கினார்.

வண்டி தெருவுக்கு வந்த அன்று தறியை விட்டு எழுந்து வந்த எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஏக்கா, இந்தப் பேட்டரி எவ்ளோ நாளு வரும்?" என்று பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமா கேட்டார்.

"நீ எவ்ளோ நாளு வருவ, சொல்லு. அதுக்கு மேல ஒரு நாளு வரும்" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தோம். ஏழு வருடமாக அதே பேட்டரிதான். இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. அதை என்னால் நம்ப முடியவில்லை.

பின் சீட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். அதன்மேல் பை வைத்து உங்களில் பலர் திட்டு வாங்கியிருப்பீர்கள். பேட்டரிக்குக் காற்று அந்த வழியாகத்தான் போகும். அது அத்தைக்கும் முதலில் தெரியாது. ஒரு முறை சேலை மூட்டைகளைச் சீட் முழுக்க அடுக்கிக்கொண்டு நானும் அவரும் வாலாஜாபாத் போனோம். தென்னேரி பக்கம் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. அத்தை போனில் மெக்கானிக்கைக் கேட்டுக்கேட்டு மூட்டைகளை இறக்கினார். கொண்டை ஊசியால் வலையைக் கிளறினார். அரக்கும் பச்சையுமாகப் பட்டுப் பிசிறு கொத்தாக வந்தது. வண்டிக்குள்ளும் தறி போட்டிருக்கிறோம் போல என்று சிரித்தார். அன்றிலிருந்து, "அது மூச்சு வுடுற எடம்மா. உன் மூக்கு மேல நான் மூட்டைய வெச்சா சும்மா இருப்பியா?" என்பது ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லும் பேச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்வது என் வேலை.

எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவோம். சேலைக்கான நீள இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காய்ந்ததும் சுருட்டி எடுப்போம். அதுவரை வண்டி எதுவும் உள்ளே வர முடியாது. வாங்கிய புதிதில் ஒருநாள் அத்தை பேட்டரியில் வந்தார். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் பாவுக்கு ஒரு முழம் தள்ளி வண்டியின் மூக்கு. ஏகாம்பரம் மாமா பயத்தில் கஞ்சிச் சட்டியைத் தன் காலிலேயே கவிழ்த்துக்கொண்டார். "காரா இது? பூனைக்கா, பூனை" என்றார். அதிலிருந்து அத்தை தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார். ஹாரன் அடிக்க மாட்டார். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, தலையைச் சாய்த்துக்கொள்வார். "இழை அறுந்தா ஒட்டுறது நீங்க. நான் ஒக்காந்துக்கினு தானே இருக்கப் போறேன்" என்பார். பாவைச் சுருட்டியதும் அப்பா கை காட்டுவார். அவர் உள்ளே வருவார். எங்களுக்குள் இருந்த வழக்கம் அது.

சனிக்கிழமையும் அப்படித்தான் வந்து நின்றார். சென்னைக்காரர்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வந்திருந்தார். இரு என்று அப்பா உள்ளங்கையைக் காட்டினார். நான் பாவு கட்டிய கோலைப் பிடித்திருந்தேன், அத்தையைப் பார்த்துக் கையசைத்தேன். கண்ணாடியில் வெயில் மின்னியது. தெருவில் எல்லாரும் அந்தக் காரைத் தாண்டிப் பால் வாங்கப் போனார்கள், வந்தார்கள். அவ்வப்போது இன்ஜின் ஓடியது, நின்றது. பேட்டரி இறங்கினால் அது தானாகவே ஓடி ஏற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தை இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். சுருட்டி முடித்து அப்பா கை காட்டினார். வண்டி வரவில்லை. தூங்குகிறார் என்று எல்லாரும் கை கழுவப் போய்விட்டோம்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஏகாம்பரம் மாமா பின்கண்ணாடியை உடைத்தார். உள்ளே சில்லென்று இருந்தது. அத்தையின் கையும் சில்லென்று இருந்தது, அது ஏ.சி.யால் என்று நான் நினைத்தேன். மாரடைப்பு என்றார் டாக்டர். எப்போது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வண்டி இப்போது தெருமுனையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. "தானா ஓடி, தானா நிக்கிற சனியன். வேற வண்டியா இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று அப்பா ஒரு முறை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வாங்க ஆள் வருகிறது. விற்க வேண்டாம் என்று கேட்க இரண்டு முறை அப்பாவின் தறி வரை போய்த் திரும்பிவிட்டேன். வண்டி மேல் தப்பு இல்லை என்று சொன்னால், பிறகு யார் மேல் என்று அப்பா யோசிப்பார். அந்த உள்ளங்கையைத்தான் யோசிப்பார். அதனால் சொல்லப் போவதில்லை. பழி வண்டியோடு போகட்டும். நீங்கள் துக்கம் கேட்க வந்தால் அவரிடம் இதைப் பேசாதீர்கள்.

ஆள் வருவதற்கு முன் அந்த வலையைச் சுத்தம் செய்துவிடுவேன். இங்கே மூட்டை வைக்காதீர்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்லுவேன். அத்தையிடமிருந்து எனக்கென்று அந்த பிரஷ் இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. இன்று காலை பாவு போட்டிருந்தபோது ஒரு வாடகை வேன் தெருமுனையில் வந்து நின்றது. கோலை மல்லிகா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"இன்னாம்மா?" என்றார் டிரைவர் உள்ளே இருந்தபடியே.

"ஒண்ணும் இல்லண்ணா. சும்மாதான்."

அவர் கண்ணாடியை இறக்கும் வரை அங்கேயே நின்றேன்.