கஞ்சி காயும் வரை

கயிறு நடுங்கியது.

காற்றில் கிளை ஆடும்போது வருகிற நடுக்கம் நீளமாக வந்து போகும். இது பொடியாக, விடாமல் வந்தது. செல்லியம்மாள் கயிற்றை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். புங்க மரத்தின் கவட்டையில் அவள் புருஷன் காத்தவராயன் உட்கார்ந்திருந்தான். மிஷின் ரம்பம் அணைந்து இடுப்பில் தொங்கியது. இடது கையைக் கயிற்றின்மேல் வைத்திருந்தான். வேலையை நிறுத்தும்போதெல்லாம் அப்படி வைப்பது அவன் வழக்கம்.

"யோவ், இன்னாய்யா ஆச்சு?"

அவன் குனியாமல் எதிரே இருந்த இலைகளையே வெறித்துக்கொண்டிருந்தான்.

பாதி அறுபட்ட கிளை தெருப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. கயிறு ஒன்றுதான் அதைத் தாங்கியது. கிளையிலிருந்து மேலே போய், உயரத்தில் ஒரு கவட்டையில் விழுந்து, கீழே இறங்கி, பக்கத்து வேப்ப மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அவள் கைக்கு வந்திருந்தது. கிளைக்கு நேர் கீழே பட்டுப் பாவு. சேலைகளுக்கான நீள இழை முழுவதையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அப்போதுதான் கஞ்சி போட்டிருந்தார்கள். அரக்குச் சிவப்பு, ஈரத்தில் கருப்பாகத் தெரிந்தது.

இரண்டு வேலையும் ஒரே நாளில் வந்து மாட்டிக்கொண்டதற்கு மின்வெட்டு காரணம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற மரத்தை அன்றைக்குத்தான் தொட முடியும். தெருவில் நெசவுக்காரர்களுக்கும் அதே கணக்கு. தறிக்கு மேலே விளக்கு எரியாது, உள்ளே உட்கார்ந்து இழை பார்க்க முடியாது, அப்படியானால் வெளியே பாவு போட்டுவிடலாம். தன் வீட்டு மரத்தை வெட்டச் சொன்ன நெசவுக்காரர் மாணிக்கவேலே பாவும் போட்டிருந்தார். காலையில் பேசித்தான் முடிவு செய்தார்கள். முதலில் வீட்டுப் பக்கத்துக் கிளைகள். கஞ்சி காய்ந்து பாவைச் சுருட்டிய பிறகு தெருப்பக்கத்துக் கிளை. காத்தவராயனும் தலையாட்டினான்.

தலையாட்டியவன் மேலே போய்த் தெருப்பக்கத்துக் கிளையில் கயிற்றைக் கட்டினான். அவள் கத்தினாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. ரம்பம் மரத்தில் இறங்கியதும் கயிற்றை இறுக்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

அவன் தப்பான கிளையை அறுக்கிறவன் இல்லை. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஏறியிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. காலையில் அவள் ஏணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் இட்லி சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தான்.

அவனுக்குச் சர்க்கரை இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று வைத்திருந்தான். சர்க்கரைக்காரனை எவன் மரத்துக்குக் கூப்பிடுவான் என்பான். அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள். தெள்ளாரில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி வந்தும் அதையேதான் செய்தாள். முன்பு அவனுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த பையன் அஜித் செய்யாறு கம்பெனிக்குப் போய்விட்டபோது, வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று வந்து நின்றாள். பிறகு யாரும் வேறு ஆள் தேடவில்லை. குனிந்தே வேலை செய்தவளுக்கு அண்ணாந்து நிற்கிற வேலை. கழுத்து வலித்தது. கயிறு வழுக்கி உள்ளங்கைத் தோல் உரிந்து, பிறகு உரியாமல் ஆயிற்று. மேலே அவன் கோபமாக இருக்கிறானா, அசதியாக இருக்கிறானா என்பது கயிற்றிலேயே இறங்கி வரும். வீட்டில் அவன் சொல்கிற பதிலைவிட அதை அவள் அதிகம் நம்பினாள்.

இடுப்புக் கயிறு கட்டியிருக்கிறான். விழமாட்டான். ஆனால் மயங்கினால் தலைகீழாகத் தொங்குவான். அந்தத் தெருவில் ஏறி இறக்க ஆள் இல்லை.

பாவின் நடுவில் நின்று இழை நீவிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி செல்லி, கிளை நம்ம தலை மேல தொங்குது?"

"அக்கா, அந்தாண்ட போயிடுங்க. எல்லாரும் போயிடுங்க."

"நாங்க போயிடுவோம். பாவு எங்க போவும்?"

தெருக் கடைசியில் முளைக்குச்சி அருகே பாவின் இழுகயிற்றைப் பிடித்து நின்றிருந்த மாணிக்கவேல், கிருஷ்ணம்மாளின் புருஷன், அங்கிருந்தே குரல் கொடுத்தார். "யாரும் பாவுல கை வெக்காதீங்க. கஞ்சி காயல. இப்ப எடுத்தா அத்தனையும் ஒட்டிக்கும்."

செல்லியம்மாள் மேலே பார்த்தாள். காத்தவராயனின் தலை மெதுவாக முன்னால் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது. வியர்வை சட்டையை நனைத்துவிட்டிருந்தது. கயிற்றை விட்டால் பாவு போகும். பிடித்துக்கொண்டே நின்றால் ஆள் போவான்.

"ஏங்க!" என்று தெருக் கடைசியைப் பார்த்துக் கத்தினாள். "ஜல்தி வாங்க. வந்து இதப் புடிங்க. அவருக்கு மயக்கம் வருது. சக்கரை இருக்குதுங்க அவருக்கு. வரலன்னா நான் உட்டுடுவேன்."

சொன்ன பிறகுதான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது உறைத்தது. மேலே கயிற்றின்மேல் இருந்த கை அசைந்தது. கேட்டிருக்கிறான்.

"உடாதே, உடாதே" என்றபடி மாணிக்கவேல் இழுகயிற்றை முளையில் சுற்றி முடிந்துவிட்டு ஓடி வந்தார். கஞ்சிக் கையை லுங்கியில் துடைத்தார். "எத்தினி சுத்து போட்டிருக்கே?"

"ரெண்டு."

அவர் அவள் கைக்குப் பின்னால் தொங்கிய வால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தை ஒரு நடை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்று விழுந்தது. கயிறு அவர் கையில் அடங்கிவிட்டது. கிளையை இறக்க வேண்டுமானால் இரண்டு சுற்றுதான் சரி. இறக்காமல் நிறுத்தி வைக்க மூன்று. பாவைக் கட்டி நிறுத்துகிறவருக்கு அது முதலில் தோன்றியிருக்கிறது. அவள் கையை எடுத்தாள். எடுத்த கை தானாக மடங்கியே இருந்தது.

"அக்கா, கொஞ்சம் சக்கரை. சாப்புடாம அவருக்குச் சக்கரை எறங்கிப் போச்சு."

கிருஷ்ணம்மாள் சர்க்கரை போட்டுவைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். செல்லியம்மாள் அதை ஆயுதம் ஏற்றுகிற பையில் போட்டாள். மிஷினுக்குப் பெட்ரோல், அருவாள், தண்ணீர் எல்லாம் அந்தப் பையில்தான் மேலே போகும். சிறு கயிற்றை இழுக்க இழுக்கப் பை ஏறி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. அவன் அதைப் பார்த்தான். தொடவில்லை.

"இன்னாத்துக்கு இது? நான் நல்லாத்தான் கீறேன்." நாக்கு தடித்துப் போயிருந்தது.

"நல்லாக் கீற லட்சணம் தெரியுது. எந்தக் கிளைய அறுத்துகினு கீறே, பாரு."

"வூட்டுப் பக்கத்துக் கிளை."

"கீழ பாரு."

அவன் குனிந்து பார்த்தான். காலுக்குக் கீழே வீடு இல்லை. சிவப்பாக ஒரு தெரு போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு பையில் கை விட்டுப் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறக்க முடியவில்லை. தொடைகளுக்கு நடுவில் இடுக்கித் திறந்தான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். பாதி உதட்டிலிருந்து சிந்தியது.

"யப்பா, பாவு மேல கொட்டாதே" என்றாள் கிருஷ்ணம்மாள். "எறும்பு வந்தா அதுக்கு வேற ஆள் தேடணும்."

யாரோ சிரித்தார்கள். மாணிக்கவேல் சிரிக்கவில்லை. இரண்டு காலையும் வேர்மேல் ஊன்றி, கயிற்றைப் பார்த்தபடியே நின்றார்.

"நடுங்குறது நின்னுடுச்சு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

செல்லியம்மாள் போய்க் கயிற்றின்மேல் விரல் வைத்துப் பார்த்தாள். நின்றிருந்தது.

காத்தவராயன் ஏணி வழியாக இறங்கி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தான். கிருஷ்ணம்மாள் தட்டில் வைத்த உப்புமாவைத் தின்றான். கயிற்றைக் கட்டிவைத்தும் மாணிக்கவேல் அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பாவு மெல்ல நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. கருப்பு போய்ச் சிவப்பு வந்தது. இழை பிரிக்கிற தூரிகை பிடித்தவர்கள் இரு பக்கமும் நீவிக்கொண்டே போனார்கள். நேர் மேலே கிளை தொங்கியது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஊரு முழுக்கச் சொல்லிட்டியே" என்றான் அவன்.

"ஆமா, சொன்னேன்."

"இனிமே எவன் கூப்புடுவான்?"

"கூப்புடுறவன் கூப்புடட்டும்."

"நீ சும்மா இருந்திருந்தா நானே சமாளிச்சிருப்பேன்."

"இட்லி தின்னேன்னு சொன்னியே, அந்த மாதிரியா?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். எழுந்து போய்த் தெருக் குழாயில் முகம் கழுவினான்.

பாவைச் சுருட்டி எடுத்த பிறகு கிளையை அப்படியே விட முடியாது. சாயந்திரம் கரண்ட் வந்துவிடும். அவன் ஏணியில் கால் வைத்தான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் வேணாம். கை ரம்பம் எடுத்துகினு போ. கொஞ்சந்தான் பாக்கி."

"பேஜாரு உன்னோட" என்றான். ஆனால் மிஷினைக் கழற்றி வைத்தான்.

அவள் மூன்றாவது சுற்றை எடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். மேலே ரம்பம் சீராக இழுபட்டது. கயிற்றில் அந்த இழுப்பு மட்டும் வந்தது, வேறொன்றும் வரவில்லை. கிளை முறிந்து கயிற்றுக்கு வந்ததும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். இலைகள் தெருவில் உட்கார்ந்தன. பாவு இருந்த இடத்தில், கஞ்சி சொட்டிய கோட்டின்மேல்.

அவன் இறங்கி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். முகம் கழுவியபோதே சட்டையைக் கழற்றிக் குழாய் மேடையில் வைத்திருந்தான், சட்டைப் பையில் போன் இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் ரவிக்கையில் சொருகிக்கொண்டாள்.

"அது இன்னாத்துக்கு உன்கிட்ட?"

"இனிமே என்கிட்டதான் இருக்கும்."

அவன் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் தேசூரில் ஒரு மாந்தோப்புக்கு வேலி வெட்டப் போனார்கள். கொடுக்காப்புளி வேலி, ஆள் உயரம். ஒரு பக்கம் அவன் வெட்டினான், மறுபக்கம் அவள் வெட்டினாள். போவதற்கு முன்னால் வீட்டிலேயே அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது. ஆரணியிலிருந்து ஒருவர் பேசினார். மாணிக்கவேல் நம்பர் கொடுத்ததாகவும், வீட்டுப் பின்னால் ஒரு வாதநாராயணன் மரம் நிற்பதாகவும் சொன்னார். செல்லியம்மாள் மரம் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். வந்து பார்த்துவிட்டு, முடியுமா முடியாதா என்று சொல்கிறோம் என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டுகிற சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது. மத்தியானம் முள் குத்திய இடங்களில் மஞ்சள் வைத்துக்கொண்டார்கள். சாயந்திரம் வேலி முடிந்தது.