நாற்பது நாள் வயிற்றுவலி

நாகல் நகரில் ஜமால் முகமது பாயின் பிரியாணிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உப்புப் போட்டவர் ருசி பார்க்கக் கூடாது. போட்டவருக்குத் தான் போட்டது சரியென்றுதான் தோன்றும் என்பது பாயின் கட்சி. அதனால் சட்டியில் கறியும் மசாலாவும் கொதித்து, அரிசியைக் கொட்டப் போகும் நேரத்தில், "செபாஸ்தியம்மா!" என்று குரல் கொடுப்பார். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் எங்கள் தெரு செபாஸ்தியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாற்றில் கொஞ்சம் வாயில் விட்டு, "இன்னும் அரைக் கை போடுங்க பாய்" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆனால் வருஷத்தில் நாற்பது நாள் அந்த நாக்கு லீவில் போய்விடும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அவள் கறி தொடமாட்டாள். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால், கோயிலில் சாமியார் சொல்கிற மாதிரி தனக்குச் சொல்ல வராதே என்று பயம். எண்பத்து மூன்றாம் வருஷத் தீபாவளிக்கு வேலைக்குச் சேர்ந்தவள், முதல் தவக்காலத்தில் "வயிறு சரியில்ல பாய்" என்றாள். அடுத்த வருஷமும் அதே வயிறு. இவ்வளவு நல்ல நாக்கை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய் சொன்னாளே என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

உடன் வெங்காயம் உரிக்கும் சுப்புத்தாய் பாவம், அவள் வயிற்றுக்காக அந்த நாற்பது நாளும் வீட்டிலிருந்து ஓமக் கசாயம் வைத்துக்கொண்டு வருவாள். ருசி பார்க்கும் வேலையும் சுப்புத்தாய் தலையில் விழும். எந்நேரமும் வெற்றிலை புகையிலை போடுகிற வாய்க்கு உப்பு எங்கே தெரியப்போகிறது?

மூன்றாம் வருஷத் தவக்காலத்தில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போன பிரியாணி வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த வீட்டார் கடைக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். பாய் செபாஸ்தியம்மாளைக் கூப்பிட்டார்.

"வருசா வருசம் ஒனக்கு வயித்துவலி. இந்தக் கடைப் பிரியாணியத் தின்னுதான் வந்துச்சுன்னு ஊரு பேசும். நாளையிலருந்து வராத, தாயி."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தாலும், தன்னால் கடைக்குக் கெட்ட பேர் என்றதுதான் அவளை உலுக்கிவிட்டது.

"எனக்கு வயித்துவலியே இல்ல பாய். நான் ஒருசந்தி இருக்கேன். எங்க சாமிக்காக நாப்பது நாள் கறி திங்க மாட்டேன்."

சுப்புத்தாய் உரித்த வெங்காயத்தைக் கீழே போட்டாள். "ஏன்டி, சிலுவையில செத்துப்போன சாமிக்கு நீ எதுக்கு வாயக் கட்டணும்? நீ திங்காட்டி அதுக்கென்ன லாபம்?"

மூன்று வருஷமாகப் பயந்த கேள்வி வந்தேவிட்டது. பதில் தானாக வந்தது.

"அவருக்கு ஒரு லாபமும் இல்லக்கா. எனக்காக உசுரக் குடுத்தாரு, எம்மேல அம்புட்டுப் பிரியம். சட்டியிலருந்து வாசம் வரும், நாக்கு ஊறும். ஒவ்வொரு வாட்டியும் அவர நெனச்சுக்கிறேன். செத்தவரு மூணாம் நாளு எந்திரிச்சிட்டாருல்ல? அதான் ஈஸ்டர் அன்னைக்கு ரெண்டு பிளேட்டு சாப்புடுறேன்."

பாய், "நான் நோம்பு வைக்கிற மாசம் பூரா எனக்காக நீ உப்புப் பாக்குற. ஒன் நோம்ப மட்டும் எங்கிட்ட மறைச்சிட்டியே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சட்டிப் பக்கம் போய், தான் உப்புப் போட்ட சாற்றைத் தானே கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். "ஈஸ்டர் வரைக்கும் இது என் வேல. நீ நாளைக்கு வந்துரு."

செபாஸ்தியம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு உரிக்க உட்கார்ந்தாள்.

சுப்புத்தாய்க்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப மூணு வருசமா நான் வச்சுக் குடுத்த கசாயம்?"

"அதையுந்தேன் ஒருசந்தியில சேத்துக்கிட்டேன்க்கா. அதக் குடிச்சதுக்கு முன்னால கறிய விட்டதுகூடப் பெருசில்ல."